தனியே நடந்த வழி

சென்ற கிழமை உயர்தர வகுப்பிற் பாடம் முடிந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், பின்வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நீங்கள் அந்த வழியைத் தனியாகத்தான் நடந்தனீங்களோ? பயமாய் இருக்கேல்லையோ?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டமையால் அவனுக்கு மறுமொழி கூற இயலாது போயிற்று. வகுப்பறையிற் சொல்லாது விட்டதை இன்று இப்பக்கத்திலே சொல்லலாம் என எண்ணுகின்றோம். அவன் வீட்டாரும் எம் வாசகரே.

அவன் குறிப்பிட்ட வழி ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில் உள்ளது. இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய யாகப்பரின் கல்லறை எனக் கத்தோலிக்கர் போற்றும் இடம், அத்தேசத்தின் வடமேற்கு மூலையிலே, சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலா என்னும் நகரில் இருக்கின்றது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கல்லறை கண்டறியப்பட்டது என்பது அவர்தம் மரபு. அன்று தொட்டு ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அந்நகருக்குக் கால்நடையாக வரலாயினர். 12ஆம் நூற்றாண்டிலேயே அவர்களுக்கு வழிகாட்டி நூலும் எழுந்துவிட்டது. பிரான்சு தேசத்து எல்லையில் தொடங்கிப் பிரனீஸ் மலையைக் கடந்து வரும் பிரதான வழி ஏறக்குறைய 780 கிலோமீற்றர் நீளமுடையது. முழுவதையும் நடப்போர்க்கு ஒரு மாதத்துக்கு மேற் செல்லும்.

சந்தியாகோ என்பது யாகப்பருக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர். அப்பெயர் எமக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் காலத்தில் அது எம் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 17ஆம் நூற்றாண்டிலே 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடியதும் இவர் மேலேயே. கிளாலியிலே கடலேரிக் கரையில் இவருக்கு ஆலயம் உண்டு. நாம் சைவர். ஆயினும் தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு இப்பெயர் அயலாருடையதாகத் தோன்றுவதில்லை.

எனினும் நாம் அவ்வழியை நாடியது அம்மானையின் பொருட்டன்று. எமது தந்தையார் தம் இறுதிக் காலத்தில் நாள்தோறும் மாலையில் குடையை ஊன்றுகோலாகக் கொண்டு தனியே நடந்துவருவார். புறப்படும்போது எம் மேசையண்டை வந்து நின்று, "வாறியோ தம்பி, கோயிலடி மட்டும் போட்டு வருவம்" என்பார். "கொப்பி திருத்தக் கிடக்குது, அப்பா" என்போம் நாம். அவர் மறுமுறை வற்புறுத்துவதில்லை. ஆனால் மறுநாளும் வந்து கேட்பார். எத்தனை மாலைகள் இவ்வாறு கழிந்தன என்பதற்குக் கணக்கில்லை. அவர் மறைந்த பின்பும் திருத்த வேண்டிய கொப்பிகள் அவ்வாறே மேசை மேற் குவிந்து கிடந்தன. கேட்பதற்குத்தான் ஒருவரும் வரவில்லை.

அக்காலத்தில் பாரிஸ் நகரில் வாழும் எமது இளைய சகோதரன் எம்மை அங்கு அழைத்தான். அவனிடம் செல்லும் வழியில் இந்த நடையையும் முடித்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்தது. லீவும் கிடைத்தது. ஆனால் அன்னையார் உடன்படவில்லை. "கொப்பருக்கு ஆடி அமாவாசை வருகுது. மூத்தவன் நீ கீரிமலைக்குப் போகாமல் வேதக்காரற்றை கோயிலுக்கு நடக்கப் போறியோ?" என்றார். அக்கேள்விக்கு எம்மிடம் நல்ல மறுமொழி இருக்கவில்லை. சிறிய தந்தையாரின் மகன் அவ்வாண்டு கீரிமலைக்குச் சென்றுவருவதென ஒழுங்காயிற்று. புறப்படுவதற்கு முன்னாள் நாம் கீரிமலைக் கரைக்குச் சென்று, கடல் அரித்த சிறு வெண்கல் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டோம். இரும்புச் சிலுவை என்னும் ஓரிடத்தில், தம் ஊரிலிருந்து கொணர்ந்த கல்லை யாத்திரிகர் வைத்துச் செல்வது வழக்கம் எனப் படித்திருந்தோம்.

எமக்குக் கிடைத்த நாட்கள் முழு வழிக்கும் போதா. ஆகவே லெயோன் என்னும் நகரிலிருந்து தொடங்கினோம். அங்கிருந்து சந்தியாகோ வரை ஏறக்குறைய 310 கிலோமீற்றர். அதனை 14 நாட்களில் நடந்தோம். முதுகிற் சுமக்கும் பை உடல் நிறையின் பத்திலொரு பங்கை விஞ்சலாகாது என்பது அவ்வழியோர் கூறும் விதி. இரண்டு உடுப்பு, ஒரு போர்வை, மருந்து, மிளகாய்த் தூள் ஒரு சரை, அக்கல், இவ்வளவே எமது உடைமை. யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு அட்டைப் புத்தகம் இருக்கும். தங்கும் மடங்களிலும் கோயில்களிலும் அதில் முத்திரை இடுவார்கள். நாம் மடம் என்றது எம் நாட்டு யாத்திரிகர் மடங்களைப் போன்ற எளிய தங்குமிடங்களையே. ஒன்றன்மேல் ஒன்றான கட்டில்கள், பொதுவான சமையலறை, இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பு, காலையில் எட்டு மணியளவில் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். அந்நாட்டு ஊண்கடைகளிற் சைவ உணவு தேடுவது சிறிது பாடுதான். பாணும் தக்காளியும் பழமும் எம்மைக் காப்பாற்றின.

முதல் மூன்று நாட்களும் நாம் தேடிய தனிமை கிடைத்தது. அது இனிக்கவில்லை. நிழலற்ற சமவெளியில் வெயில் ஏறிய பின் நடக்கையில், மனத்திலே பழைய பேச்சுக்களே திரும்பத் திரும்ப ஒலித்தன. குதிகாலிற் கொப்புளம் கண்டது. இரண்டாம் நாள் இரவு, இது வீண் பிடிவாதம் என்றும், அன்னையார் கூறியதே சரியென்றும் எண்ணி உறக்கமின்றிக் கிடந்தோம். தம்பிக்கு அனுப்பிய செய்தியில் மட்டும், "நலம், நடக்கின்றோம்" என்று எழுதினோம்.

ஆடி அமாவாசை ஐந்தாம் நாளில் வாய்த்தது. விடியுமுன் எழுந்து, உணவு கொள்ளாது மலையேறினோம். இரும்புச் சிலுவை ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நெடிய மரக்கம்பம் ஒன்றின் உச்சியில் சிறியதோர் இரும்புச் சிலுவை. அடியிலே நூற்றாண்டுகளாக மக்கள் இட்ட கற்களின் குவியல். தம் மனச்சுமையைக் கல்லாகப் பாவித்து அங்கே இறக்கிச் செல்வது யாத்திரிகர் கருத்து. நாம் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். தந்தையாரை இறக்கிவைக்க மனம் ஒப்பவில்லை. பின்னர்த்தான் ஒன்று தெளிந்தது. தந்தையார் எமக்குச் சுமையல்லர். அவருடன் நடவாது விட்ட அந்த மாலைகளே சுமை. கல்லை வைத்தோம். அங்கு நின்ற எவரும் எம்மை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது பேருதவியாயிற்று.

பிற்பகலில் மொலினசேகா என்னும் சிற்றூரை அடைந்தோம். அங்கே பழைய கற்பாலம் ஒன்றின் கீழ் குளிர்ந்த ஆறு ஓடுகின்றது. அதில் மூழ்கி, நீரை அள்ளி மும்முறை விட்டோம். கடையில் அரிசியும் பருப்பும் தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கி மடத்தின் சமையலறையிற் சமைத்தோம். 'அங்கை காத்தோட்டிக்காய் கிடைக்குமோ?' என்று அன்னையார் புறப்படுமுன் கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. ஓர் இலையிற் சிறிது சோறு எடுத்துப் பாலத்தின் மதிலில் வைத்தோம். காகத்தைக் காணவில்லை, குருவிகள் வந்து தின்றன.

விரதச் சோற்றைத் தனியே உண்ணலாகாதே. மடத்தில் இருந்தவர்களை அழைத்தோம். கொரிய தேசத்து இளம்பெண் ஒருத்தி, பிரேசில் நாட்டுத் தம்பதியர், முதிய இத்தாலியர் ஒருவர் என நால்வர் அமர்ந்தனர். எல்லோரும் அதுவரை தனித்தனியே நடந்து, தனித்தனியே பாணைக் கடித்தவர்கள். இது எதற்கான விருந்து என்று முதியவர் வினவினார். எமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தை நோக்கி விளக்கினோம். அவர் எமது தந்தையாரின் பெயரைக் கேட்டு, அதனைத் தம் நாவுக்கு இசைந்தவாறு சிதைத்து உச்சரித்து, தண்ணீர்க் குவளையை உயர்த்தினார். மற்றவர்களும் அவ்வாறே செய்தனர். மிளகாய் சற்று மிகுதிதான். கண்களில் நீர் வந்தமைக்கு ஐவரிடமும் அந்தக் காரணம் இருந்தது.

மறுநாட் காலை அவர்கள் தத்தம் வேகத்திற் பிரிந்து சென்றனர். நாமும் தனியே நடந்தோம். ஆனால் அத்தனிமை முன்னைய தனிமை போன்றதன்று.

இனி மாணவன் கேட்ட பயத்துக்கு வருவோம். பயம் ஒருமுறை வந்தது. கலீசியா மாகாணத்தினுள் நுழையும் மலைவழியில், ஓ செப்ரெயிரோ என்னும் ஊரை நோக்கி ஏறுகையில் மூடுபனி கவிந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழி இரண்டாகப் பிரிந்தது. அழைத்துக் கேட்க ஒருவரும் இல்லை. நெஞ்சு படபடக்க, ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தோம். ஈற்றில் ஒரு கல்லின் பக்கத்தில், கையாற் தீட்டிய மஞ்சள் அம்புக்குறி ஒன்று தென்பட்டது. அதனைக் கண்டபோது ஒரு மனிதரையே கண்டாற்போல இருந்தது.

உண்மையில் அது ஒரு மனிதரே. அம்மலையூரின் பங்குக் குருவானவராக இருந்த எலியாஸ் வலின்யா என்பவர், 1984ஆம் ஆண்டிலே மஞ்சள் வர்ணத்தை எடுத்துச் சென்று இவ்வழி நெடுகிலும் அம்புக்குறி தீட்டத் தொடங்கினார். அக்காலத்தில் இவ்வழி பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1986ஆம் ஆண்டிற் சந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றோர் 2,500 பேருக்கும் குறைவு. 2024ஆம் ஆண்டில் அத்தொகை ஏறக்குறைய 5 இலட்சம். அவர் 1989இல் மறைந்தார். அம்மக்கட் பெருக்கத்தை அவர் காணவில்லை. ஓ செப்ரெயிரோவின் பழைய கோயிலருகே அவருடைய மார்பளவுச் சிலை நிற்கின்றது. பனியில் நனைந்தவாறு அதன் முன் நின்று கைகூப்பினோம். அவருக்கு முன்பும் இத்தகையோர் இருந்தனர். இதே வழியில், கிழக்கே, 1109இல் மறைந்த தொமிங்கோ என்னும் துறவி காட்டை வெட்டி வீதி சமைத்தார், பாலம் கட்டினார், யாத்திரிகருக்கு மடமும் அமைத்தார். இன்று அவ்வூருக்கே அவர் பெயர்.

தனியே நடப்பவனுக்கு முன்னால் வழி சமைத்தவனும், பாலம் கட்டியவனும், அம்புக்குறி இட்டவனும் நடந்துகொண்டே இருக்கின்றனர். அவர்களை நாம் காண்பதில்லை. ஆகவே தனியாகச் சென்றோம் எனத் தவறாகக் கூறிக்கொள்கின்றோம்.

பதினான்காம் நாள் சந்தியாகோவை அடைந்தோம். குறைந்தது 100 கிலோமீற்றர் நடந்தோர்க்கு அங்கே இலத்தீன் மொழியிற் சான்றிதழ் வழங்குகின்றனர். இறந்தவர் ஒருவர் பொருட்டு நடந்ததாகக் கூறினால், அவர் பெயரையும் அதிற் குறித்துத் தருவது வழக்கம். எம்மை நோக்கி, எதன் பொருட்டு நடந்தீர்கள் என வினவினார்கள். நாம் கிறிஸ்தவர் அல்லர் என்பதை முதலிற் சொன்னோம். பின்னர்த் தந்தையார் பொருட்டு என்றோம். எழுதுபவர் தலையசைத்து, பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார்.

வீடு வந்ததும் அச்சான்றிதழை அன்னையாரிடம் கொடுத்தோம். அவர் அதனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அந்நிய எழுத்துக்களுக்கு நடுவே கணவர் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினோம். சிறிது நேரம் கழித்து, "அண்டைக்கு எத்தனை பேருக்குச் சோறு போட்டனி?" என்று மட்டும் கேட்டார். நால்வருக்கு என்றோம். "காணும்" என்றார்.

இப்பொழுது மாலையிற் கொப்பிகளை ஒதுக்கிவைத்து, கோயிலடி மட்டும் நடந்துவருகின்றோம். புறப்படும்போது மகனையும் அழைப்போம். அவன் சில நாட்களில் வருவான்; பல நாட்களிற் படிக்கக் கிடக்கின்றது என்பான். அவனைக் குறைகூற எமக்கு வாயில்லை. மறுநாளும் அழைக்கின்றோம்.

தம்பி, பயமாய் இருந்ததா என்று கேட்டாய். இருந்தது. அம்புக்குறியும் இருந்தது. நீ தொலைதூரம் தனியே புறப்படும் நாளில், எங்கு நிற்கின்றாய் என்பதை இரவுதோறும் வீட்டாருக்குச் சொல்லிவிடு. அதற்கு முன்பு, இன்று மாலை உன் வீட்டில் எவரேனும் "வாறியோ?" என்று கேட்டால், புத்தகத்தை மூடிவைத்து எழுந்து செல். அவ்வழி மிகக் குறுகியது.