நீலத் தண்ணீரும் நாலடி ஆழமும்

கூடுவாஞ்சேரிக்கு ஒரு காலத்தில் நீச்சல் குளம் என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. நந்திவரம் ஏரி இருந்தது. வயல்களின் நடுவே கிணறுகள் இருந்தன. பையனின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமனோ சித்தப்பாவோ தண்ணீரில் தள்ளி விடுவார். பிள்ளை நாலு வாய் தண்ணீர் குடிப்பான். நாலாம் நாள் நீந்துவான். அதற்குக் கட்டணமும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை.

ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருந்த ஊர் மாறிவிட்டது. நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021-ல் நகராட்சியாயிற்று. பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் பெரிய பஸ் நிலையமும் திறந்தாயிற்று. வயல்கள் மனைகளாயின, கிணறுகள் பல தூர்ந்தன. அவற்றுக்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பது உல்லாச விடுதி என்னும் ரிஸார்ட். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டை ஒட்டியும், உள்ளே தள்ளியிருக்கும் தோப்புகளிலும், ஒரு நாள் வாடகைக்கு விடும் பண்ணை வீடுகளிலும் நீச்சல் குளம் நீல நிறத்தில் பளபளக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் பாட்டி முதல் பேரன் வரையில் குடும்பமே கிளம்பிவிடுகிறது.

இந்த உல்லாசத்தை நாம் குறை கூறப் போவதில்லை. ஆறு நாள் உழைத்தவர்கள் ஏழாம் நாள் தண்ணீரில் திளைப்பது நியாயமே. நமது கவலை வேறு. விடுதிக்குப் போகுமுன் நம்மவர்கள் டெலிபோனில் விசாரிக்கும் விஷயங்களைக் கவனியுங்கள்: அறையில் குளிர்சாதனம் உண்டா? மத்தியானம் பிரியாணியா, சைவச் சாப்பாடா? குளத்தில் சறுக்கு மரம் இருக்கிறதா? குளத்தின் ஆழம் எவ்வளவு, கரையில் காவலுக்கு யார் நிற்பார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

ஆழத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். "பயமே வேண்டாம் ஸார், நாலடிதான்!" என்று விடுதிக்காரர் தைரியம் சொல்லுவார். நாலடி என்பது அவருக்கு மார்பளவு. ஐந்து வயதுக் குழந்தையின் உயரமோ சுமார் மூன்றரை அடி. ஆகவே அவர் ஆழமில்லை என்று சொல்லும் இடத்திலேயே குழந்தையின் தலைக்கு மேல் அரையடித் தண்ணீர் நிற்கிறது. மேலும், பல குளங்களின் தரை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சரிந்து செல்லும். எங்கே எத்தனை அடி என்று கரையிலும் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதாத குளத்தில் குழந்தைகளை இறக்காமலிருப்பதே உத்தமம்.

அடுத்தது காவல். நீரில் மூழ்குகிறவர் கையை வீசிக் கூச்சலிடுவார் என்பது சினிமா நமக்குக் கற்பித்த பாடம். உண்மை நேர்மாறானது. மூச்சு விடுவதற்கே போராடுகிறவருக்குக் கத்துவதற்கு மூச்சு ஏது? தலை சற்றே பின்னால் சாய, வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, சப்தமே இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக் கூடும். 2012 ஆகஸ்டில் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தின் நீச்சல் குளத்தில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூழ்கி இறந்தான். சுற்றிலும் ஆட்கள் இருப்பது வேறு, ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது வேறு என்பதை அந்தத் துயரச் சம்பவம் நமக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை அதே வருஷம் ஜூலை 25-ஆம் தேதியை இதற்கான விழிப்பு நாளாக ஏற்படுத்தியது. நம் வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வைப்பதில் நஷ்டமொன்றுமில்லை.

விடுதிகளில் உயிர்காவலர் என்று ஒருவரைக் காட்டுவார்கள். துண்டு கொடுப்பது, காபி கொண்டுவருவது, போட்டோ பிடித்துக் கொடுப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தால் அவர் காவலர் அல்ல, பரிசாரகர். தாய்மார்களும் தகப்பன்மார்களும் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒருவராகக் கைப்பேசியைத் தொடாமல் குளத்தையே பார்த்திருப்பது நல்லது. குழந்தைகளுக்கு நீல உடையும் வெள்ளை உடையும் வேண்டாம். நீல ஓட்டின் மேல் அவை கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, சிவப்பு போன்ற பளிச்சிடும் நிறங்களே ஏற்றவை.

நிற்க. தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமுமுள்ள குளம் 3 லட்சம் லிட்டர் கொள்ளும். அதைத் தினந்தோறும் மாற்ற யாராலும் ஆகாது. வடிகட்டி, குளோரின் கலந்து, அதே தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுழல விடுகிறார்கள். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்குக் குறைந்தது 1 பங்கு குளோரினாவது தனித்து நிற்க வேண்டும், பி.எச். என்னும் அளவு 7-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் கொள்கை. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால், "அடடா, எவ்வளவு சுத்தம்!" என்று மகிழ வேண்டாம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து பிறக்கும் நெடி அது. குளிக்குமுன் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு இறங்குவதும், வயிற்றுப்போக்குள்ள குழந்தையைக் கரையிலேயே நிறுத்துவதும் பிறருக்குச் செய்யும் தர்மம். அடித்தரை தெளிவாகத் தெரியாத குளத்தில் இறங்கவே கூடாது. மூழ்கியவர் கிடந்தாலும் தெரியாது.

அந்த அடித்தரையில் தண்ணீரை உறிஞ்சும் துவாரம் ஒன்று உண்டு. 2002-ல் அமெரிக்காவில் ஒரு வெந்நீர்த் தொட்டியில் ஏழு வயதுச் சிறுமியை இந்த உறிஞ்சும் விசை பிடித்து வைத்துக் கொன்றது. அவள் முன்னாள் வெளிநாட்டு மந்திரி ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவள் பெயராலேயே 2007-ல் அந்நாட்டில் சட்டம் பிறந்தது. மூடி உடைந்த துவாரத்தின் அருகே யாரும் போகலாகாது. நீண்ட கூந்தலை முடிந்து தொப்பி அணியச் சொல்வதும், புடவையோடும் துப்பட்டாவோடும் இறங்க வேண்டாமென்பதும் வெறும் நாகரிகத்துக்காக அல்ல என்பதை நம் பெண்மணிகள் அறிவார்களாக.

இவ்வளவையும் மீறி ஆபத்து நேர்ந்தால்? நீந்தத் தெரியாதவர் குதிக்கலாகாது, ஒன்று இரண்டாகும். கழியை நீட்டுங்கள், கயிறோ வேஷ்டியோ எறியுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதனால் பயனில்லை, பொன்னான நிமிஷங்கள்தான் வீணாகும். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சை ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவே 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவதாக, உதவி வரும் வரையில் விடாமல் செய்ய வேண்டும். அதற்குள் மற்றொருவர் 108-க்குச் சொல்லியனுப்ப வேண்டும். இந்தப் பயிற்சியை அரை நாளில் கற்கலாம்.

1994-ல் சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது தமிழ்நாடே பெருமிதம் கொண்டது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் பெரிய நீச்சல் அரங்கம் எழுந்தது. வீரர்களுக்கு அது போதும். ஆனால் கூடுவாஞ்சேரியின் சாதாரணக் குழந்தைக்கு ஏரியும் கிணறும் கைவிட்டுப் போனபின் நீச்சல் கற்பிப்பவர் யார்? விடுதிக் குளம் விளையாடும் இடமேயன்றிக் கற்கும் இடமன்று. ஒவ்வொரு நகராட்சியிலும் காவலும் ஆசிரியரும் உள்ள பொதுக் குளம் ஒன்று வேண்டும். பத்து வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். வரி செலுத்தும் ஜனங்கள் இதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட வேண்டியதில்லை.