பிரெக்மனை பாஸ்டன் விட்டுவிடக் கூடாது

2025 நவம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மூன்றாவது பேஸ் மறுபடியும் காலியானது. 2025 பிப்ரவரியில் மூன்று ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் என்று ஒப்பந்தமான அலெக்ஸ் பிரெக்மன், ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, ஒப்பந்தத்தில் இருந்த விலகும் உரிமையைப் பயன்படுத்தி நவம்பர் முதல் வாரத்தில் வெளியேறினார். மீதமிருந்த இரண்டு ஆண்டுகளின் 8 கோடி டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைவிட நீண்ட ஒப்பந்தத்தைத் தேடிச் சந்தைக்கு வந்தார்.

அமெரிக்க பேஸ்பாலில் ஐபிஎல் போல ஓரிரு நாளில் முடியும் ஏலம் கிடையாது. உலகத் தொடர் முடிந்த சில நாட்களில் சந்தை திறக்கும். பேரம் மாதக்கணக்கில் இழுக்கும். சென்ற முறை பிரெக்மனின் பேரம் பயிற்சி முகாம் தொடங்கும் நேரம் வரை நீண்டது. அணியின் தலைமை பேஸ்பால் அதிகாரி கிரெய்க் பிரெஸ்லோவுக்கு அப்படி இழுத்தடிக்க இம்முறை நேரமிருக்கவில்லை. பிரெக்மன் போனால் அதற்கு ஈடாக பாஸ்டனுக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு கூடுதல் தேர்வுகூடக் கிடைக்காது. போகும் வீரருக்கு ஈடாக அப்படித் தேர்வு தரும் விதியை ஒரு வீரர் விஷயத்தில் ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அதை அவருடைய முந்தைய அணியான ஹூஸ்டன் ஓராண்டுக்கு முன்பே பயன்படுத்திவிட்டது.

ஓர் இடத்துக்கு இத்தனை கவலை எதற்கு என்று கேட்பவர்கள் அந்த இடத்தில் நிற்பவரின் வேலையைப் பார்க்க வேண்டும். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து மூன்றாவது பேஸ் 90 அடி, சுமார் 27 மீட்டர். வலது கை பேட்டர் பந்தை இழுத்து அடித்தால் அது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வரும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அடிக்குக் கை நீட்ட முக்கால் வினாடிகூடக் கிடைக்காது. அடுத்த பந்துக்கே பேட்டர் மட்டையைத் தாழ்த்தி மெல்லத் தட்டிவிடுவார். அப்போது இவர் முன்னால் பாய்ந்து, கையுறை இல்லாத கையாலேயே புல்லில் உருளும் பந்தை அள்ளி, நிமிராமல் முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பேஸின் மேலேயே நின்று எறிந்தால் அந்தத் தூரம் 127 அடி. அரை அடி பிசகினாலும் ஓடுபவர் தப்பிவிடுவார்.

இந்த இடத்தை மட்டையின் பலத்தை மட்டும் பார்த்து நிரப்பியபோதெல்லாம் பாஸ்டன் நஷ்டப்பட்டிருக்கிறது.

2014 நவம்பரில் பாப்லோ சாண்டோவலை ஐந்து ஆண்டுகளுக்கு 9.5 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்காக மூன்று பட்டங்கள் வென்றவர். 2012 உலகத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே மூன்று ஹோம் ரன் அடித்தவர். அந்த உலகத் தொடர் நினைவுகளுக்குத்தான் பாஸ்டன் விலை கொடுத்தது. முதல் பருவத்தில் அவருடைய மட்டைச் சராசரி .245. அடுத்த ஆண்டு தோள்பட்டை அறுவைச் சிகிச்சையால் மூன்றே ஆட்டங்கள். 2017 ஜூலையில், ஏறத்தாழ 5 கோடி டாலர் பாக்கி இருக்கும்போதே, அணி அவரைக் கழற்றிவிட்டது.

அதே காலத்தில் கைவசம் இருந்த ஒருவரையும் பாஸ்டன் இழந்தது. 2016-ல் சாண்டோவலின் இடத்தில் ஆடிய டிராவிஸ் ஷாவை அந்த டிசம்பரில் மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு, டைலர் தார்ன்பர்க் என்ற பிட்சரை வாங்கினார்கள். 2017 முழுவதும் தார்ன்பர்க் காயத்தால் ஒரு பந்துகூட வீசவில்லை. ஷா மில்வாக்கியின் மூன்றாவது பேஸில் நின்று 31 ஹோம் ரன் அடித்தார். பாஸ்டனுக்கு அதிலிருந்து விடிவு கொடுத்தவர் 20 வயது ரஃபேல் டெவர்ஸ். 2017 ஜூலை இறுதியில் முதன்முதலாக ஆடவந்த அவர், அடுத்த மாதமே நியூயார்க்கில் அரோல்டிஸ் சாப்மன் மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்தை ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன்னாக அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்.

சாண்டோவலை வாங்கியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அட்ரியன் பெல்ட்ரேயை விட்டது அதைவிடப் பெரிய இழப்பு. 2010-ல் அவர் வெறும் 90 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் பாஸ்டனுக்கு வந்தார். .321 என்ற சராசரி, 28 ஹோம் ரன், லீகிலேயே அதிகமாக 49 டபுள். பருவம் முடிந்தபோது அவருக்கு வயது 31. நீண்ட ஒப்பந்தம் தர பாஸ்டன் தயாராக இல்லை. டெக்சஸ் ஐந்து ஆண்டுகளுக்கு 8 கோடி டாலர் கொடுத்தது. முதல் பேஸுக்கு அட்ரியன் கொன்சாலஸை வாங்கிய பாஸ்டன், அங்கே இருந்த கெவின் யூக்கிலிஸை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தியது. அவருடைய உடம்பு அதைத் தாங்கவில்லை. 2012 ஜூனில் அவரும் சிகாகோவுக்குப் போய்விட்டார். பெல்ட்ரேயோ டெக்சஸில் எட்டுப் பருவங்கள் ஆடினார். 31 வயதைக் கடந்த பிறகு மட்டும், சிறந்த களத்தடுப்புக்கான மூன்று கோல்டு கிளவ் விருதுகள். மொத்தம் 3,166 ஹிட்களுடன் ஓய்வு பெற்று, 2024-ல் ஹால் ஆஃப் ஃபேமில் டெக்சஸ் தொப்பியோடு இடம்பெற்றார்.

2025 நவம்பரில் பிரெக்மனுக்கும் வயது 31. பாஸ்டனில் அவர் ஆடியதும் ஒரே பருவம். சாண்டோவலையும் பெல்ட்ரேயையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வயதைவிட ஆட்டத்தின் அடித்தளம் முக்கியம் என்பது தெரியும். பெல்ட்ரேயின் அடித்தளம் கையுறை. மட்டை சோர்ந்த மாதங்களிலும் அவர் அணிக்குப் பயன்பட்டார். பிரெக்மனும் அந்த வகையைச் சேர்ந்தவர். 2024-ல் கோல்டு கிளவ் வென்றார். 2025 மே மாதம் தொடைத் தசைக் காயத்தால் ஏழு வாரம் வெளியே இருந்தும், 114 ஆட்டங்களில் .273 சராசரியோடு 18 ஹோம் ரன் அடித்தார். ஆட்டத்துக்கு முன் இளம் வீரர்களோடு உட்கார்ந்து எதிரணி பிட்சர்களை அலசுவதைப் பற்றி அணித் தோழர்களே பலமுறை பேசியிருக்கிறார்கள். 2025-ல் பாஸ்டன் மேலாளராக இருந்த அலெக்ஸ் கோரா, ஹூஸ்டனில் பயிற்சியாளராக இருந்த 2017-லிருந்தே அவரை அறிந்தவர். பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் இடது எல்லை 310 அடிதான். அங்கே 37 அடிச் சுவர் நிற்கிறது. பந்தை இழுத்து அடிக்கும் வலது கை பேட்டருக்கு இதைவிடத் தோதான மைதானம் அரிது.

மற்ற வழிகளும் இருக்கின்றன.

அந்தச் சந்தையிலேயே அதிக ஹோம் ரன் அடித்த மூன்றாவது பேஸ்காரர் யூஹெனியோ சுவாரெஸ். 2025-ல் 49 ஹோம் ரன். ஏப்ரலில் ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தார். ஆனால் அதே பருவத்தில் 196 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஜூலை இறுதியில் சியாட்டிலுக்குப் போன பிறகு சராசரி .200-ஐத் தொடவில்லை. அப்போது வயது 34. கால்களும் மெதுவாகிவிட்டன. பெயரையும் ஹோம் ரன் எண்ணிக்கையையும் பார்த்து ஏமாந்த அணி அதே வழியில் மறுபடியும் நடக்கக் கூடாது.

அதே சந்தைக்கு ஜப்பானிலிருந்து இருவர் வந்தார்கள். 2022-ல் ஒரே பருவத்தில் 56 ஹோம் ரன் அடித்த முனேதகா முரகாமி இடது கை பேட்டர். பாஸ்டனில் ரோமன் ஆன்டனி, ஜாரன் டுரான், வில்யர் அப்ரூ என்று இடது கைக்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். யோமியுரி அணிக்காக 2018 முதல் 2023 வரை ஆறு பருவங்கள் தொடர்ந்து குறைந்தது 30 ஹோம் ரன் அடித்த கசுமா ஒகமோட்டோ வலது கை பேட்டர் என்பதால் இன்னும் பொருத்தம். ஆனால் இருவரும் முதல் பேஸிலும் நிறைய ஆடியவர்கள். அமெரிக்க மைதானங்களில் மூன்றாவது பேஸில் பல ஆண்டுகள் நிலைப்பார்களா என்பதுதான் கேள்வி. ஒகமோட்டோவை முதல் பேஸுக்காகப் பரிசீலிப்பதில் தவறில்லை.

வீரர் பரிமாற்றத்துக்கும் வாய்ப்புண்டு. 2025 ஜூலையில் கார்லோஸ் கொரேயாவை வாங்கி மூன்றாவது பேஸில் நிறுத்திய ஹூஸ்டனிடம் அந்தப் பருவ முடிவில் ஐசக் பரேதெஸ் உபரியாக நின்றார். இடது எல்லையை நோக்கியே உயர்த்தி அடிக்கும் அவருக்கு ஃபென்வே சுவர் கைகொடுக்கும். பாஸ்டனிடம் வெளிக்களத்தில் ஆள் அதிகம் என்பதால் பேரம் பேசப் பொருள் இருக்கிறது. பிரெக்மன் கிடைக்காவிட்டால் முதலில் அழைக்க வேண்டிய எண் ஹூஸ்டனுடையது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் வழி மார்செலோ மேயர். 2021 டிராஃப்டில் நான்காவதாகத் தேர்வான இவர், பிரெக்மன் காயமடைந்த மறுநாள் முதன்முறையாக அணிக்கு வந்து அந்த மூன்றாவது பேஸில் நின்றார். கை சுத்தம், எறிதல் நேர்த்தி. மட்டை 2025-ல் இன்னும் பழகவில்லை. ஆகஸ்டில் மணிக்கட்டு அறுவைச் சிகிச்சையோடு பருவம் முடிந்தது. அப்போது வயது 22தான். ஷாவைத் தூக்கிக் கொடுத்ததுபோல இவரையும் இழந்துவிடக் கூடாது.

பிரெக்மனைத் திரும்ப எடுத்தால் மேயரின் வழி அடைபடும் என்பது சிலருடைய வாதம். அது சரியல்ல. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையிலான ஷார்ட் ஸ்டாப்பில் ட்ரெவர் ஸ்டோரி நீடித்தார். இரண்டாவது பேஸ்தான் காலியாக இருந்தது. கிறிஸ்டியன் கேம்பெல் 2025 ஜூனில் கீழ்நிலை லீகுக்கு அனுப்பப்பட்டதிலிருந்து அங்கே நிலையான ஆள் இருக்கவில்லை. மேயர் அங்கே ஆடலாம். ஸ்டோரியின் காலம் முடிந்ததும் தன் சொந்த இடமான ஷார்ட் ஸ்டாப்புக்கு வரலாம். பிரெக்மன் ஒருவரை எடுத்தால் உள்களத்தில் இரண்டு ஓட்டைகள் அடைபடுகின்றன. சுவாரெஸை எடுத்தால் ஒன்றுகூட முழுதாக அடைபடாது.

நீண்ட ஒப்பந்தத்தின் ஆபத்தையும் மறைக்கத் தேவையில்லை. 2019 டிசம்பரில் ஆந்தனி ரென்டனுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தது. கொரோனாவால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய முதல் பருவத்தையும் சேர்த்து, எந்தப் பருவத்திலும் அவர் 58 ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. 2025 முழுவதும் இடுப்பு அறுவைச் சிகிச்சையால் போயிற்று. அவரும் நல்ல கையுறைக்காரர்தான். ஆகவே எல்லை ஒன்று வேண்டும்: பிரெக்மனுக்கு ஐந்து ஆண்டுகள். அதற்குள் ஆண்டுச் சம்பளத்தில் தாராளமாக இருக்கலாம். ஆறாவது, ஏழாவது ஆண்டை வேறொரு அணி கொடுத்தால், பாஸ்டன் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டு, அந்தப் பணத்தைப் பிட்சர்களுக்குச் செலவிட்டு, மூன்றாவது பேஸை மேயரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத்தான் சென்ற முறை பாஸ்டன் கோட்டைவிட்டது.

2023 ஜனவரியில் டெவர்ஸுக்குப் பத்து ஆண்டுகளுக்கு 31.35 கோடி டாலர் கொடுத்தது இதே அணி. ஈராண்டு கழித்து பிரெக்மன் வந்தபோது, மூன்றாவது பேஸ் என் இடம் என்று டெவர்ஸ் பயிற்சி முகாமில் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய கையுறையைவிட பிரெக்மனின் கையுறை மேல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அணியின் தேர்வு சரி. ஆனால் அதை அவரிடம் முறையாகப் பேசி முடிக்காமல் பிரச்சினையை முகாம் வரை கொண்டுவந்தார்கள். கடைசியில் அவர் களத்தில் நிற்காமல் மட்டையடிக்க மட்டும் வரும் டி.எச். பொறுப்புக்கு இறங்கி வந்தார். மே தொடக்கத்தில் முதல் பேஸ்காரர் ட்ரிஸ்டன் காசாஸ் முழங்கால் தசைநாண் கிழிந்து விழுந்ததும், இப்போது அங்கே ஆடு என்று டெவர்ஸிடம் கேட்டார்கள். அவர் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே மறுத்துவிட்டார். உரிமையாளர் ஜான் ஹென்றி, அணி அப்போது இருந்த கன்சாஸ் சிட்டிக்குப் பறந்துபோய்ப் பேசிப் பார்த்தார்.

2025 ஜூன் 15 அன்று ஃபென்வேயில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தையும் பாஸ்டன் 2-0 என்று வென்று தொடரைக் கைப்பற்றியது. டெவர்ஸ் அன்றும் ஒரு ஹோம் ரன் அடித்தார். சில மணி நேரத்தில் அவர் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டார். அங்கே மூன்றாவது பேஸில் மேட் சாப்மன் இருந்தார். பாஸ்டனில் ஆட மறுத்த அதே முதல் பேஸில் டெவர்ஸ் அங்கே ஆடினார். மறுப்புக்குக் காரணம் முதல் பேஸ் அல்ல, தன்னை நடத்திய விதம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பாஸ்டன் 89 வெற்றிகளோடு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது உண்மை. முதல் சுற்றிலேயே யாங்கீஸிடம் 2-1 என்று தோற்றதும் உண்மை. டெவர்ஸின் மட்டை அந்தத் தொடரில் பாஸ்டன் பக்கம் இல்லை.

எனவே பிரெஸ்லோ முதலில் பேச வேண்டியது மேயரிடமும் ஸ்டோரியிடமும். யார் எந்த இடம், எத்தனை நாளைக்கு, பிரெக்மன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு பிரெக்மனின் முகவர் ஸ்காட் போராஸ் முன்னால் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தை வைத்து, கிறிஸ்துமஸுக்குள் பதில் கேட்க வேண்டும். பெல்ட்ரேயை 2010 பருவத்துக்குப் பிறகு விட்ட பாஸ்டன், அதே வயதில் அதே வகை வீரரை இரண்டாவது முறையும் விட்டால் அதற்குச் சொல்ல எந்தச் சமாதானமும் இருக்காது.