ஊசிக்கே முதல் மரியாதை

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை நோக்கி இரவு பகலாக ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கும், அனல்மின் நிலையங்களின் பக்கமிருந்து வந்து திண்ணையில் படியும் சாம்பலுக்கும், இரும்பையே அரித்துத் தின்னும் உப்புக் காற்றுக்கும் நடுவே வாசம் செய்கிற ஒருவருக்கு இசைத்தட்டு கேட்கும் ஆசை பிறப்பதே விபரீதம் என்றும், மாதச் சம்பளத்தை நம்பி அந்த ஆசையைப் பூர்த்தி செய்துகொள்ள முற்படுவது அதனினும் பெரிய விபரீதம் என்றும் சிலர் கருதலாம். என் அபிப்பிராயம் வேறு.

இசைத்தட்டு தனவந்தர்களின் வரவேற்பறைக்கு உரியது என்ற எண்ணம் நேற்று முளைத்தது. கல்யாணமானாலும் அம்மன் திருவிழாவானாலும், மைக் செட்காரர் பந்தலின் ஓரத்தில் தம் பெட்டியைத் திறந்துவைத்து, தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியே குப்பம் முழுவதற்கும் பாட்டைப் பங்கிட்டுக் கொடுத்த காலத்தில், சொந்தமாக ஒரு தட்டுகூட இல்லாதவரும் ரசிகராகவே இருந்தார். ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸில் வியாபாரம் செய்தது இசைத்தட்டுகளைத்தான். 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எத்தனையோ வீடுகளில் புகுந்தது. அப்படிப் புகுந்த தட்டுகள் இன்று பரணில் தூசியோடு கிடக்கின்றன. கைபேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே என்பவரோடு எனக்கு வழக்கில்லை. பாட்டனார் வாங்கிவைத்த அந்தத் தட்டைப் பேசவைக்க மட்டும் கைபேசியால் ஆகாது.

ஆகவே கேள்வி, சொற்பப் பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பதே. சூட்கேஸ் வடிவில் பளபளப்பாக விற்கும் மலிவுப் பெட்டிகளைக் கண்டு மயங்குகிறவர்கள், தட்டைத் தொடுவது பெட்டியன்று, ஊசிதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்றே மேலாக இருபத்திரண்டு நிமிஷம் சுழலும் ஓர் எல்.பி.யின் ஒரு பக்கத்தில், ஊசி நடந்து கடக்கும் பள்ளத்தின் நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். அத்தனை தூரமும் அந்த வைரமுனை ஏறத்தாழ இரண்டு கிராம் பாரத்தோடு நடந்தால் பள்ளம் பிழைக்கும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் உள்ள செராமிக் தலையோ ஐந்து கிராமுக்குக் குறையாமல் அழுத்துகிறது. தட்டு தாவுகிறதென்று தலைமேல் நாலணாவை வைப்பது நம்மவர் கண்ட பழைய வைத்தியம்; தாவல் நிற்கும், தட்டும் சீக்கிரமே தேயும்.

கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கிக்கொள்ளுங்கள். ஐந்து பங்கு, பாரத்தைத் திருத்த வசதியுள்ள, ஊசியை மாற்றக்கூடிய ஒரு சாதாரணப் பெட்டிக்கு. இரண்டு பங்கு, பழைய ஆம்ப்ளிபயருக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கும். ரிச்சி தெருவில் பொறுமையோடு தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். ஒரு பங்கு ஃபோனோ பிரீ-ஆம்புக்கு: காந்தத் தலையிலிருந்து வரும் சமிக்ஞை சில மில்லிவோல்ட்தான், தட்டு வெட்டும்போது வேண்டுமென்றே குறைத்த கீழ்ஸ்தாயியையும் உயர்த்திய மேல்ஸ்தாயியையும் சமனாக்குவதும் அதன் பொறுப்பே. மிச்சம் இரண்டு பங்கு ஊசிக்கும் சுத்தத்துக்கும். புதுத் தட்டு வாங்க இதில் பங்கில்லை, பரணே போதும்.

அரக்கினாலான 78 தட்டுகள் உள்ளவர் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அவற்றின் பள்ளம் எல்.பி.யினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமாதலால், தனி ஊசி அவசியம். எல்.பி.யைத் துடைக்கும் ஸ்பிரிட்டை அவற்றின்மேல் தடவுவது மகாபாதகம். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து நாற்காலிக்குப் பாலிஷ் போடும் தச்சரைக் கேட்டால் காரணம் சொல்வார்.

எங்கள் பக்கத்துக்கென்று சில விசேஷ உபாயங்களும் உண்டு. லாரி போகும்போது அலமாரி நடுங்கினால், கடப்பைக் கல் துண்டு ஒன்றின் அடியில் ரப்பர் வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தால் சமம் பார்த்துக்கொள்ளலாம். உப்புப் பூத்த வயர் முனைகளை மாதம் ஒருமுறை துடைக்கவேண்டும். மூடியைத் திறந்தபடி விட்டால், மறுநாள் ஊசி உழுவது சாம்பலையே. இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றையும் பணத்தால் மட்டும் வாங்கிவிட முடியாது.

பழைய தட்டுகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் எழுந்த ரயில் நிலையத்துக்கும் மூர் மார்க்கெட் என்ற பெயரே நிலைத்தது. மீஞ்சூரிலோ அத்திப்பட்டிலோ மின்ரயில் ஏறினால் நாம் பெரும்பாலும் போய் இறங்குவது அங்கேதான். இசைத்தட்டு ஆசையோடு அங்கே இறங்குகிற இளைஞருக்கு என் விண்ணப்பம் ஒன்றே: பளபளக்கும் பெட்டியைக் கண்டு நிற்காதீர்கள், முதலில் ஊசியின் விலையை விசாரியுங்கள்.