சுவர்ப்பக்கம் திரும்பிய முகம்



சென்ற வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நம் சபைத் தாயார் ஒருவரைக் காணச் சென்றேன். ஜெபித்து முடித்ததும் அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, இப்போது பகலா, இரவா?" என்று கேட்டார். அப்போது பிற்பகல் மூன்று மணி. அந்த அறையில் ஜன்னல் இல்லை. நான்கு நாட்களாக ஒரே வெள்ளை விளக்குதான். பதில் சொல்லிவிட்டு வந்தேன். கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

எசேக்கியா ராஜா வியாதிப் படுக்கையில் சுவர்ப்புறமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபித்ததை 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவருக்குக் கிடைத்த அடையாளமோ வெயிலில் காணப்பட்டது. நிழல் பத்துப் பாகை பின்னிட்டது. பலமுறை பிரசங்கித்தும் அதை நான் கவனித்ததில்லை.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டு எழுதினார். பாதிப்பேரின் ஜன்னல் மரங்களை நோக்கியது. மற்றவருக்கு எதிரே செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். 2005-இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வில், முதுகெலும்பு அறுவைக்குப்பின் வெளிச்சம் மிகுந்த பக்கத்தில் இருந்தவர்கள் மணிக்கு 22 சதவீதம் குறைவான வலிமருந்தே எடுத்துக்கொண்டனர். இவை சிறிய ஆய்வுகள்தாம். வெளிச்சம் மருந்துக்கு மாற்றாகாது. ஆயினும் பகல் வெளிச்சம் கண்ணில் படுவதாலேயே உடல் தன் உறக்க நேரத்தை அறிகிறது. அதை மறித்துவிட்டுத் தூக்க மாத்திரை கொடுப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

"ஜன்னல் வைத்தால் வெயில் அடிக்கும், குளிர்சாதனச் செலவு கூடும்" என்பார்கள். வடக்கு நோக்கிய ஜன்னலும், நீண்ட நிழற்கூரையும் வெப்பத்தைப் பெருமளவு தடுத்து ஒளியைத் தரும். உண்மையான தடை வேறு: ஜன்னலறைக்கு அதிக வாடகை வாங்கலாம். நம் காணிக்கையால் எழும் மருத்துவமனையிலாவது ஜன்னலோரக் கட்டில் பணம் உள்ளவருக்கல்ல, நெடுநாள் படுத்திருப்பவருக்குக் கொடுக்கப்படட்டும்.

வியாதியஸ்தரைக் காணச் செல்லும்போது, திரையை விலக்கலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். ஜன்னலை மறைத்து நிற்காதிருங்கள்; நானே பலமுறை அப்படி நின்று ஜெபித்திருக்கிறேன்.

அந்தத் தாயார் பொது வார்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறார். மாலை நான்கு முதல் ஆறு வரை பார்க்கலாம்.