இடது பக்க சீட்டைக் காலி செய்தது யார்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரிப் பட்டறையிலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அந்தப் புலம்பல் காதில் விழும். "டிரைவர் கிடைக்கறதில்லீங்க. வண்டி சும்மா நிக்குது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒடம்பு வளையறதில்லை. ஏசி ரூம்ல உக்காந்து செல்போன் நோண்டோணும்னு நினைக்கறாங்க." சொல்கிறவர் முதலாளியாக இருப்பார், புரோக்கராக இருப்பார், சில சமயம் வயதான டிரைவராகவே இருப்பார். பிறகு இதையே கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில் செய்தித்தாள் எழுதும். கருத்தரங்குகளில் பேசுவார்கள்.

நானும் 'இந்தக் காலத்துப் பசங்க'ளில் ஒருவன்தான். பி.எஸ்சி. முடித்து, ஒரு நிதி நிறுவனத்தில் இரண்டு வருடம் தவணை வசூல் செய்துவிட்டு, இருபத்தாறு வயதில் கனரக உரிமம் எடுத்து லாரிக்கு வந்தேன். நாலாவது வருடம் ஓடுகிறது. பத்துச் சக்கர வண்டி. அந்த உரிமையில் சொல்கிறேன்: பசங்கள் வராததால் வந்த பற்றாக்குறை இல்லை இது. வருகிறவன் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் இடத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆள் இல்லையே என்று அழுகிறார்கள். அந்த இடம், டிரைவருக்கு இடது பக்கம் இருக்கும் சீட்.

அந்த சீட்டில் முன்பு கிளீனர் இருந்தான். பெயரைப் பார்த்து வண்டி கழுவுகிற பையன் என்று நினைத்துவிட வேண்டாம். கழுவுவதும் அவன் வேலைதான். ஆனால் ஒரு லாரியின் இடது பக்கம் முழுக்க அவன் கண்ணில்தான் ஓடியது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரலாம்... வரலாம்... ஓல்டான்!" என்று கத்துகிறவன் அவன். வண்டி நின்றதும் இறங்கி டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தை வைத்தே எதில் காற்று குறைவு என்று சொல்கிறவன் அவன். தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இழுத்து, லோடு ஒரு பக்கம் சாயாமல் கட்டுவது அவன் கை. விடியற்காலை மூன்று மணிக்கு டிரைவரின் தலை லேசாகத் தொங்கினால், "அண்ணா, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்று பேச்சுக் கொடுப்பதும் அவன்தான். இப்படி நாலைந்து வருடம் ஓடியபின் ஒருநாள், ஆளில்லாத நேரான ரோட்டில், "வா, இந்தப் பக்கம் உக்காரு" என்பார் டிரைவர். அதுதான் பட்டமளிப்பு விழா. இன்று ஐம்பதைத் தாண்டிய டிரைவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்.

அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கிளீனர்களில் பலர் வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவர்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சாப்பாடும் அடியும்தான். மழையில் வண்டிக்கு அடியில் படுத்தவர்கள். பதினான்கு வயதுப் பையனை வைத்து நடந்த எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் சுரண்டலை ஒழிக்க வேண்டிய இடத்தில் நாம் சீட்டை ஒழித்துவிட்டோம். சிறுவன் இருந்த இடத்தில், வயதுவந்த ஒருவனைச் சம்பளத்தோடு உட்கார வைத்திருக்கலாம். அந்த யோசனையே யாருக்கும் வரவில்லை. ஒரு ஆள் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்கள்.

சரி, டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இலகுரக உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்பு எட்டாம் வகுப்பும் தேவை; அதை 2019இல் எடுத்துவிட்டார்கள். பயிற்சி வண்டி பழசு. பழசு என்பதல்ல பிரச்சினை, அது காலி வண்டி. காலி லாரியும் லோடு லாரியும் ஒன்றல்ல. காலி வண்டி பிரேக் மிதித்தால் நிற்கும். லோடு வண்டியை நிறுத்துவதற்கு எவ்வளவு முன்னாலேயே யோசிக்க வேண்டும் என்பது, முதுகுக்குப் பின்னால் அத்தனை டன் உட்கார்ந்தால்தான் தெரியும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலி வண்டியை ஓட்டிக்காட்டியவன் அன்றிலிருந்து சட்டப்படி டிரைவர். சமையல் புத்தகம் படித்தவனிடம் ஆயிரம் பேர் பந்தியைக் கொடுப்பது மாதிரி இது.

தொப்பூர் கணவாயைப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே சரிந்து இறங்குகிறது. அங்கே விபத்து நடக்கும்போதெல்லாம் பேசப்படும் காரணங்களில் ஒன்று, நியூட்ரலில் இறங்கியது. ஏன் நியூட்ரலில் இறங்குகிறார்கள்? பல இடங்களில் டீசல் கணக்கு டிரைவர் தலையில் இருக்கிறது. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர். மிச்சமானால் அவனுக்கு, கூடினால் அவன் படியில் பிடித்தம். இறக்கம் வந்தால் கை தானாக நியூட்ரலுக்குப் போகும். கியர் இல்லையென்றால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்குக்குப் போகும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. எஞ்சினையும் அணைத்திருந்தால் கம்ப்ரஸர் ஓடாது, காற்றும் தீர்ந்துபோகும்.

இதை எனக்கு எந்தப் பள்ளியும் சொல்லித்தரவில்லை. நான் சேர்ந்த வண்டியின் சொந்தக்காரர் அவரே ஓட்டுகிறவர், பழைய ஆள். எட்டு மாதம் என்னை இடது சீட்டில் வைத்திருந்தார். "கண்ணு, ஏத்தத்துல எந்த கியர்ல ஏறுவியோ, எறக்கத்துலயும் அதே கியர்லதான் எறங்கோணும். பிரேக்கு கடைசிக்கு" என்றார். "சரிங்ணா" என்றேன். அந்த ஒரு வாக்கியம் காதில் விழ, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். என்னோடு உரிமம் எடுத்த நண்பனுக்கு அப்படி ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாளே சாவியைக் கையில் கொடுத்துத் தனியாக அனுப்பினார்கள். இரண்டாவது டிரிப்பில் தொப்பூரில் டிரம்மில் புகை வந்து, எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினான். மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது திருப்பூரில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அவன் முதலாளி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார், பையனுக்கு ஒடம்பு வளையலைன்னு.

சீட் தானாகக் காலியானது என்று நினைத்துவிடக் கூடாது. நேஷனல் பர்மிட் லாரிக்கு ஒரு விதி இருந்தது. குறைந்தது இரண்டு டிரைவர் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் நீட்டிப் படுத்துத் தூங்க, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு சீட் இருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் அப்படியே எழுதியிருந்தது. நடைமுறையில் பாதிப்பேர் மதிக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் எழுத்தில் இருந்தது. ஒரு டிரைவர் "விதிப்படி இன்னொரு ஆள் வேணுமுங்க" என்று வாய்திறக்க ஒரு பிடி இருந்தது. 2018இல் அந்த இரண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

அதே 2018இல் இன்னொன்றும் நடந்தது. லாரிகளின் எடை வரம்பை உயர்த்தினார்கள். மூன்று ஆக்சில் உள்ள பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே வருடத்தில் பாரத்தைக் கூட்டி, ஆளைக் குறைத்திருக்கிறார்கள். இதற்குப் பிறகும் பசங்கள் ஏன் வருவதில்லை என்று ஆராய்ச்சி வேறு தேவையா?

முதலாளிகள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நம் பக்கம் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்களில் பலர் நேற்றைய டிரைவர்கள்தான். தவணை, டீசல், டோல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் ஏறுகிறது. வாடகையை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. புக்கிங் ஆபீஸில் சொல்கிற ரேட்டுக்கு ஒருவர் தலையாட்டவில்லை என்றால் அடுத்தவர் ஆட்டுவார். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதை எங்களிடம் கேட்காதீர்கள். சிமெண்ட்டையும் இரும்பையும் ஏற்றி அனுப்பும் பெரிய கம்பெனியிடம் கேளுங்கள். ஒரு ஆள் குறைந்ததால் மிச்சமான பணம் டிரைவரிடம் வரவில்லை, உங்களிடமும் தங்கவில்லை. வாடகையை அடித்துக் குறைத்தவன் பையில் இருக்கிறது. லோடு இறக்க இரண்டு நாள் காத்திருக்கும் எங்களை கேட்டுக்கு உள்ளே கக்கூஸ் போகக்கூட விடாத ஆலை வாசல்களில் நான் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு நாளுக்கும் யாரும் எதுவும் தந்ததில்லை.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லையா என்றால், அதுவும் 1961லேயே எழுதியாகிவிட்டது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினாலும் பத்து மணியைத் தாண்டக் கூடாது என்றது. அந்தச் சட்டம் கிளீனரையும் தொழிலாளர் என்று பெயர் சொல்லியே எண்ணியது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றை வண்டி, இரட்டை வண்டிகளால் ஓடும் தொழிலில் இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்தால் யார்தான் உள்ளே நிற்பார்கள்?

தண்டனை மட்டும் எண்ணிக்கை பார்க்காது. பழைய சட்டத்தில் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் இரண்டு வருடம்வரை சிறை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவில், விபத்தைத் தெரிவிக்காமல் ஓடிப்போனால் பத்து வருடம்வரை. 2024 ஜனவரி முதல் நாளே வடக்கே லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. பிறகுதான் பேசிவிட்டு அமல்படுத்துகிறோம் என்றது அரசு. அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவது சரியென்று நான் சொல்ல வரவில்லை. நடுராத்திரி, தெரியாத ஊர், தெரியாத பாஷை, சுற்றிலும் கூட்டம், கேபினில் ஒற்றை ஆள். பக்கத்தில் இன்னொருவன் இருந்தால் ஒருவன் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான், ஒருவன் கூட்டத்தோடு பேசுவான். அந்த இன்னொருவனை விதியிலிருந்தே அழித்துவிட்டு, தனியாக நிற்கிறவனுக்குப் பத்து வருடம் என்றால் எப்படி?

கேபினுக்கு ஏசி கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நல்லது, மே மாதம் நாக்பூர் பக்கம் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஏசி பேச்சுத்துணைக்கு வராது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. அதுவும் நல்லதே. அங்கே கற்றுக்கொண்டு வருகிறவனும் முதல் லோடை யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. லாரிப் பயணம் என்றாலே உங்களுக்கு ஒரு மயக்கம். நெடுஞ்சாலை, சுதந்திரம், தாபா, மழை, பின்னணியில் இளையராஜா. ரீல்ஸில் லட்சக்கணக்கில் பார்க்கிறீர்கள். எனக்கும் ரோடு பிடிக்கும், பிடிக்காமலா வந்தேன்? ஆனால் "அண்ணா, உங்க லைப்தான் லைப்" என்று கமெண்ட் போடுகிற தம்பியின் வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது லாரி டிரைவர் ஜாதகம் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரசிப்பதோடு நிற்காதீர்கள். அந்த வீடியோவில் இடது சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் செல்போன் ஸ்டாண்டும் தண்ணீர் கேனும்தான் இருக்கும்.

கேட்பது பெரிதல்ல. நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு ஆள் என்ற விதி திரும்ப வர வேண்டும். புது உரிமக்காரன் குறைந்தது ஆறு மாதம் இடது சீட்டில் சம்பளத்தோடு இருந்த பிறகே தனியாக லோடு எடுக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை வாடகையோடு சேர்த்து, லோடு அனுப்புகிறவர் கட்ட வேண்டும்.

அதுவரை, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. வராதே என்று சொல்ல மாட்டேன். சாவியை வாங்குவதற்கு முன்னால் முதலாளியிடம் மூன்று கேள்வி கேள். முதல் டிரிப்பில் என் பக்கத்தில் யார் உட்காருவாங்க? டீசல் கூடுனா யாரு கணக்கு? லோடு இறக்காம நிக்கற நாளுக்குப் படி உண்டா? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம் சேர். முகத்தைச் சுளித்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த பட்டறைக்கு நட. அவருக்குத்தானே டிரைவர் பற்றாக்குறை, உனக்கு இல்லையே.