கடலாடச் சென்ற குடும்பம்

கடலைக் காண்பதற்கு நாள் பார்க்க வேண்டுவதில்லை; கடலில் நீராடுவதற்கு நாள் பார்க்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. அமாவாசை, பௌர்ணமி முதலிய பருவ நாள்களுக்கே கடல் நீராட்டு விதிக்கப்பட்டது. சேதுக் கரைக்கு மட்டும் எந்நாளும் நீராடலாம் என்று விலக்கு அளித்தார்கள். மாசி மகத்தன்று தெய்வத் திருமேனிகள் கடற்கரைக்கு எழுந்தருள, அத்தீர்த்தவாரியில் ஊரே கூடி நீராடும். கடலும் ஒரு தீர்த்தம்; தீர்த்தத்தைப் பணிவோடு அணுக வேண்டும் என்பதே இவற்றின் உட்பொருள்.

இக்காலத்தில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் பேரக்குழந்தைகள் கேட்பது கடற்கரை. பெரியோர் விரும்புவது தெய்வ தரிசனம். இரண்டும் ஓரிடத்தில் வாய்ப்பதால் பல குடும்பங்கள் நாடுவது திருச்செந்தூரை. அறுபடை வீடுகளில் கடலோரத்தில் அமைந்த தலம் அது ஒன்றே. கிழக்கே கடல் இருப்பதால், ஒன்பது நிலை கொண்ட இராஜகோபுரம் மேற்கில் எழுந்து நிற்கிறது. முதலில் கடலில் நீராடி, அடுத்து நாழிக்கிணற்றில் நீராடி, அதன் பின்னர்ச் சந்நிதிக்குச் செல்வது மரபு.

சென்ற கோடையில் திருச்சியிலிருந்து மூன்று தலைமுறையினராக ஏழு பேர் அங்குச் சென்றனர். தாத்தாவுக்கு வயது எழுபத்தாறு, பாட்டிக்கு எழுபத்திரண்டு. முதல் நாள் காலை கரையை அடைந்ததும், ஒவ்வொருவரும் தத்தம் செருப்பையும் கைபேசியையும் பணப்பையையும் பாட்டியிடம் கொடுத்தனர். "நீ இங்கேயே உட்கார்ந்திரும்மா, இதோ வந்துவிடுகிறோம்" என்றார் மகன். "எனக்கென்ன, நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்" என்றார் பாட்டி. 'இதோ' என்றது ஒன்றரை மணி நேரமாயிற்று. வெயில் ஏறியது. தாகம் எடுத்தும், பைகளை விட்டு எழ மனமின்றி அவர் அமர்ந்தேயிருந்தார்.

தாத்தாவோ பேரன் நீட்டிய கையை மறுத்துவிட்டார். "காவிரியில் நீந்தி வளர்ந்தவன் நான்" என்று சொல்லித் தனியே இறங்கினார். இடுப்பளவு நீரில் அவர் கண்மூடிக் கைகூப்பி நின்றபோது, வந்த அலை மார்பில் மோதியது. திரும்பிய அலை காலடி மணலை அரித்துச் சென்றது. அவர் குப்புற விழுந்தார். எழுவதற்குள் அடுத்த அலை மேலே புரண்டது. அருகில் நீராடிக்கொண்டிருந்த இளைஞர் இருவர் அவரைத் தூக்கிக் கரை சேர்த்தனர். மூக்குக்கண்ணாடி கடலோடு போயிற்று, முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவோடு போயிற்றே என்று எல்லோரும் செந்திலாண்டவனுக்கு நன்றி சொன்னார்கள்.

அன்று மாலை விடுதி அறையில் மகனுடைய அச்சம் கோபமாக வெளிப்பட்டது. "இனிமேல் நீங்கள் கடல் பக்கமே வர வேண்டாம் அப்பா" என்றார். தாத்தா சுவரைப் பார்த்தபடி பேசாதிருந்தார். அந்த மௌனத்தின் நடுவில், பன்னிரண்டு வயதுப் பேத்தி கேட்டாள்: "பாட்டி கடலில் இறங்கவே இல்லையே?" ஒருவராலும் விடை கூற முடியவில்லை. அந்த நீராட்டுக்காகவே பாட்டி ஆறு மாதமாகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, ஒருவரும் கேட்டிருக்கவுமில்லை.

மறுநாள் விடியலில் அக்குடும்பம் வேறு விதமாகப் புறப்பட்டது. விலையுயர்ந்த பொருள்களை அறையிலேயே பூட்டி வைத்தனர். மாற்றுடைப் பையை மருமகளும் பேரனும் முறை வைத்துக் காத்தனர். ஒருபுறம் மகனும் மறுபுறம் பேத்தியும் பிடித்துக்கொள்ள, பாட்டி முழங்காலுக்கும் கீழான நீரில் நின்று, செம்பால் முகந்து தலையில் ஊற்றிக்கொண்டார். தாத்தாவையும் கரையில் விட்டுவிடவில்லை. அவர் இம்முறை பேரனின் கையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். நாழிக்கிணற்று நீராட்டும் பன்னீர் இலை விபூதியும் பெற்று அவர்கள் ஊர் திரும்பினர்.

இந்நிகழ்ச்சியில் முதியோர் கொள்ள வேண்டிய பாடங்கள் சில உண்டு.

முதலாவது, ஆறு வேறு, கடல் வேறு. ஆற்று நீர் ஒரு திசையில் இழுக்கும். கடலலை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும். சரிவான கரையில் அந்தப் பின்னிழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். இளமையில் நீந்திய நினைவு உடலுக்கு வலிமை தராது. திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியையொட்டிக் கடல் உள்வாங்குவதும், பாசி படர்ந்த பாறைகள் வெளிப்படுவதும் பலமுறை நிகழ்ந்திருக்கின்றன. சூரியனும் சந்திரனும் பூமியும் நேர்கோட்டில் அமையும் அந்நாள்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகும். புண்ணிய நாளென்று நீராடச் செல்வோர் அன்றுதான் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். முழங்கால் அளவு நீர் போதும். கடலுக்கு முதுகு காட்டி நிற்கலாகாது. இயலாதவர் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலும் போதும் என்று சாத்திரமே இடம் தந்திருக்கிறது.

இரண்டாவது, வெறும் வயிற்றோடு வெயிலில் நெடுநேரம் இருத்தல் கூடாது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர்கள், பயண நாளின் உணவு, மருந்து ஒழுங்கைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். குடிநீர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது பாடமே தலையாயது. "எனக்கென்ன, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்வதை நம் வீட்டுப் பெரியோர் தியாகம் என்று எண்ணுகிறார்கள். ஆசையை மறைத்துச் சொன்ன சொல் பின்னர் மனத்தாங்கலாக முளைக்கிறது. 'என்னை யாரும் நினைக்கவில்லை' என்று ஊர் திரும்பியபின் கலங்குவதைவிட, 'நானும் ஒரு முழுக்குப் போட வேண்டும். யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று முன்பே கேட்பது நல்லது. கேட்பதால் மதிப்புக் குறையாது. பிள்ளைகளுக்குச் செய்யும் வாய்ப்புக் கிடைக்கும். இளையவர்களும், பெற்றோர் வேண்டாம் என்று சொன்னாலும் மறுமுறை ஒரு தரம் கேட்டுப் பார்க்க வேண்டும். பைகளைக் காப்பதற்காகவா அவர்களை அத்தனை தூரம் அழைத்துச் சென்றோம்?

நாழிக்கிணற்றைக் கண்டவர்கள் அறிவார்கள்: உப்புக் கடல் அருகிலேயே இருந்தும் அந்தச் சிறிய ஊற்று இன்சுவை நீர் தருகிறது. படைவீரர்களின் தாகம் தீர்க்க முருகப்பெருமான் வேலால் உண்டாக்கியது அது என்பர் பெரியோர். ஓர் இல்லத்திலும் அன்பு அவ்வாறே அடியில் ஊறிக்கொண்டிருக்கிறது. வேண்டியவர் வாய்திறந்து கேட்க வேண்டும், உடனிருப்பவர் முகந்து கொடுக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் பாட்டியின் பெயரும் இருக்கட்டும்.