பாயை நனைத்த குற்றவாளி

பகலில் சொல்லிவிட்டுப் போகத் தெரிந்த பிள்ளை இரவில் பாயை நனைத்தால், அதைத் திமிர் என்கிறார்கள் நம் பெரியவர்கள். தூங்குகிற பிள்ளைக்கு ஏதய்யா திமிர்? இரவில் சிறுநீரைக் குறைக்க மூளை சுரக்கிற வாஸோப்ரெஸின் இன்னும் போதவில்லை. அல்லது பை நிரம்பியது உறக்கத்தில் உறைக்கவில்லை. நாம் பழக்கிக் கொடுத்து வருகிற வித்தையல்ல இது. உடம்பு முதிர வேண்டும். 5 வயதில் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேர் நனைக்கிறார்கள். அவர்களில் ஆண்டுதோறும் ஏழில் ஒருவருக்கு மருந்தில்லாமலே நின்றுவிடுகிறது. (மாதக்கணக்கில் நின்றிருந்தது திடீரென்று திரும்பினால் டாக்டரிடம் காட்டுங்கள், அது வேறு சங்கதி.) தாய் தகப்பன் இருவருமே சிறுவயதில் நனைத்தவர்களானால் பிள்ளைக்கும் வர முக்கால்வாசி வாய்ப்பு. சூடு போடுகிறேன் என்று கரண்டியைக் காய்ச்சும் தகப்பனார், முதலில் தம் தாயாரிடம் போய்த் தம்முடைய பழைய பாயைப் பற்றி விசாரித்துவிட்டு வரட்டும்.